எரியாத கன்னம்

இதை எழுத என் மகள் ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தாள்: பெயர் வரக் கூடாது, வருஷமும் வரக் கூடாது. பெயரை விடுவது எனக்குச் சிரமமில்லை. வருஷத்தை விடுவதுதான் சட்டைப் பொத்தானைப் போடாமல் தெருவில் இறங்குவதுபோல் இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். நாள் போடாத காகிதத்தை என் கை தானாகவே ஓரமாக ஒதுக்கிவிடும். காலையில் செய்தித்தாளில் பாபநாசம் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்து நோட்டில் எழுதிய பிறகுதான் காப்பி. ஊறுகாய் ஜாடியைத் திறந்த நாள், சிலிண்டர் மாற்றிய நாள், குறுக்குத்துறையில் ஆற்றுத் தண்ணீர் மண்டபத்துக்குள் ஏறிய நாள், எல்லாம் என்னிடம் இருக்கின்றன. படித்து முடித்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் ஒரு தேதி இருக்கும். இங்கே நாட்களை எண்ணி மட்டும் சொல்கிறேன்.

மகள் அப்போது பாளையங்கோட்டையில் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். கொரியத் தொடர்களைப் பார்த்துப் பார்த்து, அந்த ஊர்க்காரர்கள் முகத்தைப் பேணுகிற முறையை வரிசை மாறாமல் செய்ய ஆரம்பித்திருந்தாள். முதலில் கழுவுவது, பிறகு டோனரால் துடைப்பது, பிறகு எதையோ சொட்டுச் சொட்டாக விட்டுத் தடவுவது, கடைசியில் கிரீம். டோனர் பார்ப்பதற்குத் தண்ணீர்போல இருக்கும். தனியாகப் பஞ்சில் ஊற்றிச் சிரமப்பட வேண்டாம் என்று, வட்டமான பஞ்சுகளை அதிலேயே ஊறவைத்து டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். ஒரு டப்பாவில் எழுபது பஞ்சு. எடுப்பதற்கு ஒரு சின்னச் சாமணமும் உள்ளேயே இருக்கும்.

ஒருநாள் காலையில் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“எப்பா, தேதி பாக்கதுல நீங்கதான ஆளு. இது கெட்டுப் போயிட்டா?”

அடியில் அச்சிட்டிருந்த நாள் கடந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. வண்ணார்பேட்டையில் அவள் வாங்கிய கடைக்கு டப்பாவோடு போனேன். கடைக்காரருக்கு ஏறக்குறைய என் வயது. சுற்றிலும் பெண்கள் நின்றார்கள்.

“காலாவதியான சரக்க எம்பிள்ளைக்கு வித்திருக்கீரே வே” என்றேன்.

அவர் டப்பாவை வாங்கிப் பார்த்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “அண்ணாச்சி, இது பொறந்த தேதி. செத்த தேதி இல்ல. கொரியாக்காரன் பொறந்த நாளத்தான் போடுவான். ஒம்ம ஜாதகத்துல மட்டும் செத்த நாளா போட்டிருக்கு?”

பெண்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து தேதிக்குப் பக்கத்திலிருந்த இரண்டு கொரிய எழுத்துகளைத் தேடிப் பிடித்தேன். ‘தயாரிப்பு’ என்றுதான் பொருள். ‘வரை’ என்று பொருள்படும் வேறு இரண்டு எழுத்து இருந்தால்தான் அது காலாவதி நாள். அந்த நான்கு எழுத்தையும் நோட்டில் வரைந்து வைத்துக்கொண்டேன். இந்தப் பஞ்சு விவகாரத்தில் நான் கால் வைத்தது அப்படித்தான்.

அவளுடைய இடது கன்னத்தில், எலும்புக்குக் கொஞ்சம் கீழே, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் வெளுத்திருந்தது. வெள்ளை என்று சொல்ல முடியாது. பக்கத்துத் தோலைவிட நிறம் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. “வயித்துல பூச்சி” என்று சொல்லிப் பூச்சி மாத்திரை கொடுத்தாள். எதிர்வீட்டு அம்மாள் தேமல் என்றார். திருச்செந்தூர் போய்வந்த மறுநாள் என் நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘பிள்ளைக்கு இடது கன்னத்தில் லேசாக வெளுப்பு. கடற்கரை வெயில்.’ ஆளுக்கொரு பெயர் வைத்தோம். பெயர் வைத்த பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை.

அந்த வெளுப்பைப் போக்க அவளுக்கு வேறு பஞ்சு வேண்டியிருந்தது. அதுவரை அவள் துடைத்துக்கொண்டிருந்தது வல்லாரைச் சாறு ஊறியது. அதைக் கேட்டு என் மனைவிக்குத் தாங்கவில்லை. “வல்லாரைய கொரியாவுக்கு அனுப்பி, டப்பாவுல அடைச்சு, திருப்பி வாங்குதீயளாக்கும். பாளை மார்க்கெட்ல கட்டுக் கட்டா கெடக்கு” என்றாள். ஆனால் வல்லாரை தோலை ஆற்றுமே தவிர, நிறத்தைச் சமன் செய்யாது என்றாள் மகள். அதற்கு லேசான அமிலம் ஊறிய பஞ்சு வேண்டும். மேல்தோலின் செத்த படலத்தை அது உரித்துவிடும். அதில் இரண்டு வகை கிடைத்தன. ஒன்றுக்குப் பச்சை மூடி, மற்றதற்கு நீல மூடி. இரண்டும் முதலில் கொஞ்சம் எரியும் என்று போட்டிருந்தது. எது குறைவாக எரிகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். “இப்படி ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு காலா பாக்கக் கூடாது. நான் நோட்டுப் போடுதேன்” என்றேன்.

ரூபாய் நாணயத்தைப் பஞ்சின்மேல் வைத்துப் பேனாவால் வட்டம் வரைந்து வெட்டினேன். நீல மூடிப் பஞ்சு இடது கன்னத்தில் அந்த வெளுப்பின்மேல். பச்சை மூடிப் பஞ்சு வலது கன்னத்தில் அதே உயரத்தில். மூன்று நிமிஷம் வைத்திருக்க வேண்டும். எரிச்சலுக்கு ஐந்துக்கு எத்தனை என்று அவள் சொல்ல வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள், காலை ஏழு மணிக்கு.

“வலது மூணு” என்பாள்.

“இடது?”

“ஒண்ணுமே இல்ல. சுழியம் போடுங்க.”

போட்டேன். இருபத்தோராம் நாள் வரை பதினோரு முறை போட்டேன். பச்சை மூடி மூன்று, இரண்டு, மூன்று என்று இறங்கியும் ஏறியும் வந்தது. நீல மூடி அசையவே இல்லை. பதினோரு சுழியங்களும் ஒரே நேர்கோட்டில் நின்றன. கடைசியில் அடிக்கோடிட்டு, ‘நீலம் மிக மென்மையானது. இதுவே நல்லது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பஞ்சுகளைப் பக்கம் மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை. ஒரே நேரம், ஒரே பக்கம், ஒரே டப்பா. எதையும் மாற்றாமல் வைத்திருப்பதுதான் ஒழுங்கு என்று முப்பது வருஷம் பழகிய கை.

இருபத்திரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நீல மூடியிலிருந்து ஒரு முழுப் பஞ்சை எடுத்து முதன்முறையாக முகம் முழுக்கத் துடைத்தாள். நான் முற்றத்தில் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தேன்.

“எப்பா! உங்க நோட்டு பொய் சொல்லுது. இது என்னா எரி எரியுது!”

“எங்கன?”

“எல்லா இடத்துலயும்தான். நெத்தி, தாவாக்கட்டை, கன்னம்...”

“எந்தக் கன்னம்?”

“ரெண்டுந்தான். ஆனா...” கண்ணாடியில் பார்த்துக்கொண்டே விரலால் தொட்டாள். “இங்கன மட்டும் எரியல. இந்த வெளுத்த இடத்துல.” சிரித்தாள். “நீலத்த நாம வச்சுப் பாத்தது இங்கன மட்டுந்தான, இல்ல?”

செய்தித்தாளை மடித்து வைத்தேன். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துவந்தேன். முந்தின நாள் மீந்த தயிரில் கிடந்தது. கழுவித் துடைத்தேன், அப்போதும் சில்லென்று இருந்தது.

“கண்ண மூடிக்கோ” என்றேன்.

“என்ன விளையாட்டு இது?”

“மூடு, சொல்லுதேன்.”

வலது கன்னத்தில் வைத்தேன். “அய்ய, குளிருது” என்றாள். இடது கன்னத்தில் அந்த வட்டத்துக்குள் கரண்டியின் முனையை வைத்தேன். அவள் முகம் அப்படியே இருந்தது. உதட்டில் சிரிப்பு இருந்தது. ஐந்து எண்ணினேன்.

“எப்பா, சீக்கிரம் வைங்க” என்றாள்.

கரண்டியை எடுத்துவிட்டு, “போதும், முகத்தக் கழுவு” என்றேன்.

நான் நிறையப் படிப்பவன் என்பது அன்றைக்கு எனக்கு உதவவில்லை. தெரியாதவனாக இருந்திருந்தால் நாலு நாளாவது நிம்மதியாக இருந்திருப்பேன். சீவலப்பேரிப் பக்கம் வேலைக்குப் போய்வந்த காலத்தில், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிர்ச்சுவரில் நீலப் பெயின்ட்டில் எழுதியிருப்பார்கள்: உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயாக இருக்கலாம். இரண்டு வருஷம் தினமும் இரண்டு வேளை அதை வாசித்திருக்கிறேன். ‘உணர்ச்சியற்ற’ என்பதில் ஒற்று விட்டுப்போயிருந்ததுகூட நினைவிருக்கிறது. சுவரிலிருந்த எழுத்துப் பிழை என் கண்ணில் பட்டது. என் பிள்ளையின் கன்னத்தில் எழுதியிருந்தது படவில்லை. அது மட்டுமல்ல, அதைப் பதினோரு முறை பதிவு செய்து பாராட்டியும் எழுதியிருக்கிறேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் திருச்செந்தூரில், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களைக் கடக்கும்போது, என் அப்பா என் கையைப் பிடித்து வெடுக்கென்று மறுபக்கம் இழுப்பார். மகளுக்கு ஆறு வயதில் நானும் அவளை அப்படியே இழுத்திருக்கிறேன். “ஏன்ப்பா?” என்று கேட்டாள். என்ன சொன்னேன் என்பது நோட்டில் இல்லை.

மனைவி சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சொன்னேன்.

“வாய மூடுங்க” என்றாள்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவள் கீரையைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே போனாள். மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் மனைவி அவள் பின்னால் போய், தன் தலையில் இருந்த ஹேர்பின்னை எடுத்து, விளையாட்டுக்குச் செய்வதுபோல் அந்த வெளுப்பில் பைய குத்தினாள். மகள் திரும்பவில்லை.

சமையலறைக்குத் திரும்பி வந்து கீரைத் தட்டைக் கையில் எடுத்தாள். “யார்ட்டயும் சொல்லாண்டாம்” என்றாள். பிறகு, “நாளைக்கே போவோம்” என்றாள்.

“மதுரைக்குப் போனா தெரிஞ்சவங்க கண்ணுல படாது” என்றேன்.

“மதுரையில போயி ஒளிஞ்சா கன்னம் நம்மகூட வராதாக்கும்? பாளையங்கோட்டையில பெரியாஸ்பத்திரி இருக்கு. யாரும் பாத்தா பாக்கட்டும்.”

மகளிடம் அவளே சொன்னாள். கதவைச் சாத்திக்கொண்டு என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மகள் வெளியே வந்து என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “எப்பா, நான் தொட்ட டப்பாவத் தூரப் போடணுமா?”

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். “டாக்டர்ட்ட கேப்போம்” என்றேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்த பிறகுதான் நான் சொன்னது என்னவென்று எனக்கே உறைத்தது.

இருபத்துமூன்றாம் நாள் காலை தோல் நோய்ப் பிரிவில் வரிசையில் நின்றோம். நோட்டை நான் கையோடு எடுத்துப் போயிருந்தேன். டாக்டர் நாற்பது வயதுக்குள் இருக்கிற பெண். பேச்சு வேகம், கை நிதானம். பஞ்சைத் திரித்து நூல்போல் ஒரு முனை எடுத்தார்.

“கண்ண மூடிக்கோம்மா. நான் தொடுத இடத்த நீ விரலால காட்டணும்.”

நெற்றியில் தொட்டார், காட்டினாள். மூக்கில், காட்டினாள். தாடையில், காட்டினாள். வெளுப்பில் தொட்டார். விரல் எழவில்லை. மறுபடியும் தொட்டார். அவள் விரல் மடியிலேயே கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

கழுத்து ஓரத்தையும் முழங்கை மடிப்பையும் அமுக்கிப் பார்த்து, “நரம்பு தடிக்கல. நல்லது” என்றார் டாக்டர். காது மடலிலிருந்து கொஞ்சமும் வெளுப்பிலிருந்து கொஞ்சமும் சோதனைக்கு எடுக்க வேண்டும் என்றார். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். நான் நோட்டைத் திறந்து நீட்டினேன். சுழியங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். அடிக்கோடிட்ட வரியில் விரல் நின்றது. நான் தரையைப் பார்த்தேன்.

“நீங்களா எழுதினீங்க சார்?”

“ஆமா.”

“நோயாளி கொண்டு வர்ற கணக்குல இவ்வளவு ஒழுங்கா நான் பாத்ததில்ல. முடிவுதான் தப்பு.” நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். “பஞ்சால ஒண்ணும் வரல. பஞ்சு இல்லன்னா இன்னும் ஒரு வருஷம் தேமல்னு சொல்லிட்டு இருந்திருப்பீங்க. அதுக்குள்ள நரம்புக்கு என்ன ஆயிருக்கும்னு சொல்ல முடியாது.”

ஆறுதலுக்குச் சொன்னார். எனக்குக் கடைசி வாக்கியம் மட்டும்தான் காதில் நின்றது.

சோதனை முடிவு வர எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் அணை நீர்மட்டத்தை நான் எழுதவில்லை; இன்றைக்கும் நோட்டில் அந்த இடம் காலியாக இருக்கிறது. மகள் கல்லூரிக்குப் போய்வந்தாள். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி, தனியாகக் கவிழ்த்து வைத்தாள். மூன்றாம் நாள் என் மனைவி அந்தத் தட்டை எடுத்து, எல்லோர் தட்டுக்கும் நடுவில் செருகினாள்.

முடிவு நாங்கள் பயந்ததுதான். ஆரம்ப நிலை. ஆறு மாதம் மாத்திரை. இலவசமாகக் கொடுக்கிறார்கள். அட்டை அட்டையாக வருகிறது; ஒரு அட்டை இருபத்தெட்டு நாளுக்கு. முதல் வேளையை டாக்டர் முன்னாலேயே விழுங்க வேண்டும்.

“தொட்டா ஒட்டாது. தட்டு, துணி, டப்பா, எதுலயும் ஒட்டாது. மருந்து தொடங்கிட்டா மத்தவங்களுக்குப் பரவுற பேச்சே இல்ல” என்றார் டாக்டர். “தோல் கொஞ்சம் கருக்கும். முடிஞ்ச பிறகு பையப் பைய மாறும்.”

“கருக்குமா?” என்றாள் மகள். “டாக்டர், நான் இவ்வளவு நாள் பஞ்சு வாங்குனதே...” சிரிக்க ஆரம்பித்து அழுதாள்.

“அமிலப் பஞ்சு இப்போதைக்கு வேண்டாம். உனக்கு எரியறது தெரியாத இடத்துல எரியறத வைக்கக் கூடாது. வல்லாரை வேணா தொடச்சிக்கோ.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். வேறொரு நாளாக இருந்தால் பாளை மார்க்கெட்டை இழுத்திருப்பாள்.

அடுத்து வீட்டில் இருப்பவர்களையும் பார்க்க வேண்டும் என்றார்கள். மனைவிக்கு ஒன்றுமில்லை. பிறகு நான் சட்டையைக் கழற்றி உட்கார்ந்தேன். கண்ணை மூடச் சொன்னார். மூடினேன்.

இருட்டில் காத்திருந்தேன். எதுவும் படவில்லை. டாக்டர் இன்னும் தொடவில்லையா, அல்லது தொட்டும் எனக்குத் தெரியவில்லையா? எப்படித் தெரிந்துகொள்வது? தெரியாத இடம் தெரியாமல்தானே இருக்கும். இடது தோளில் ஏதோ உரசியதுபோல் இருந்தது. அவசரமாக விரலை வைத்து, “இங்கன, இங்கன” என்றேன்.

“நான் இன்னும் தொடங்கவே இல்ல சார்” என்றார். பக்கத்தில் மகள் சிரிப்பது கேட்டது. “பயந்தவங்க இப்படித்தான் எல்லாத்துக்கும் தெரியுதும்பாங்க. அதுக்குத்தான் நாங்க நடுநடுவுல தொடாமலும் கேப்போம்.”

எனக்கும் ஒன்றுமில்லை. இருவருக்கும் தடுப்புக்காக ஒரு வேளை மாத்திரை கொடுத்தார்கள். நான் கேட்க நினைத்த கேள்வியை மகள் கேட்டுவிட்டாள்.

“இந்த இடத்துக்குத் திரும்ப உணர்ச்சி வருமா?”

“வரலாம். சீக்கிரம் பிடிச்சிருக்கோம். வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்.”

சீக்கிரம் என்றால் என்ன? திருச்செந்தூர் போய்வந்த மறுநாளிலிருந்து அந்தக் கடைசிச் சுழியம் வரை கணக்கெடுத்தால் நூற்றுப் பதினெட்டு நாள். அதில் கடைசி இருபத்தொரு நாள் என் கையெழுத்தில் இருக்கிறது. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தச் சுழியங்கள்தான் வரிசையாக வருகின்றன.

அதிலிருந்து ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு மகளைச் சன்னலோரம் உட்காரவைத்துப் பஞ்சு முனையால் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். இந்த முறை டாக்டரிடம் கேட்டுத்தான் முறை வகுத்தேன். எட்டு தடவை கேட்பேன். அதில் மூன்று தடவை தொட மாட்டேன். முதல் அட்டை முடிந்தது. ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது அட்டை முடிந்தது. வெளுப்பின் ஓரம் கருத்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு வாரமும் ‘இல்லை’ என்று எழுதும்போது அவள் நோட்டைப் பார்க்க மாட்டாள்; என் முகத்தைப் பார்ப்பாள்.

மூன்றாவது அட்டையின் இரண்டாம் ஞாயிறு. நாலு தடவை தொட்டேன், பேசாமல் இருந்தாள். ஐந்தாவது தடவை பஞ்சைக் கன்னத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி, காற்றில் பிடித்துக்கொண்டு, “தெரியுதா?” என்றேன்.

கண்ணை மூடியபடியே, “எப்பா, தெரியுது” என்றாள். “லேசா. ஆனா தெரியுது.”

அவள் விரல் சரியாக வெளுப்பின் நடுவில் போய் நின்றது. பஞ்சு இன்னும் காற்றில்தான் இருந்தது.

அவள் கண்ணைத் திறப்பதற்குள் கையை இறக்கிவிட்டேன். நோட்டை எடுத்தேன். முப்பது வருஷத்தில் ஒரு பொய்த் தேதியைக்கூட நான் எழுதியதில்லை. கொஞ்ச நேரம் பேனா அப்படியே நின்றது. பிறகு எழுதினேன்: ‘ஐந்தாவது: தொடவில்லை. தெரிகிறது என்றாள்.’

அவள் எட்டிப் பார்த்து வாசித்தாள். காது வரைக்கும் சிவந்தது.

“உங்க மூஞ்சியப் பாக்க முடியலப்பா, அதான்” என்றாள். “ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எழவு வீட்டுக்கு வந்தவிய மாரி உக்காந்திருக்கீய.”

“எனக்காக நீ சொல்லாண்டாம்.”

“சரி, சொல்லல. மூணு பாக்கி இருக்குல்லா? தொடுங்க. தொடலன்னாலும் கேளுங்க.”

மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள். நான் பஞ்சை எடுத்தேன்.